ஸ்டேடியம் வாசலில் நின்ற சவ ஊர்தி

சென்ற இதழில் மெஸ்ஸியைப் பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் பிறந்த ரொசாரியோவில் ஒரு எழுத்தாளர் இறந்தபோது, அவருடைய இறுதி ஊர்வலம் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் முன்னால் நின்றுவிட்டுத்தான் இடுகாட்டுக்குப் போனது என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த முறை அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன், அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

யார் சார் அந்த எழுத்தாளர்? ஊர்வலத்தை ஏன் ஸ்டேடியத்தில் நிறுத்தினார்கள்?
(வாசகர், திருச்சி)

ரொபெர்டோ ஃபோன்டனரோசா. கார்ட்டூனிஸ்ட், சிறுகதை எழுதுகிறவர், இரண்டுக்கும் முன்னால் ரொசாரியோ சென்ட்ரல் கிளப்பின் ரசிகர். 1944 நவம்பர் 26 அன்று ரொசாரியோவில் பிறந்தார், 2007 ஜூலை 19 அன்று அதே ரொசாரியோவில் இறந்தார், 62 வயது. அர்ஜென்டினாவில் எழுத்திலோ படத்திலோ பெயர் வாங்கியவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தலைநகர் பியூனஸ் அயர்ஸுக்குப் போய்விடுவது வழக்கம். இவர் போகவில்லை. தலைநகரத்துப் பத்திரிகைகளில் படம் வந்துகொண்டே இருக்கும், ஆள் மட்டும் ரொசாரியோவில் நண்பர்களோடு எல் கைரோ என்ற காபிக்கடையில் உட்கார்ந்திருப்பார். அந்த மேசையில் அடித்த அரட்டையிலிருந்துதான் பாதிக் கதைகள் வந்தன. ஊரில் எல்லாருக்கும் அவர் 'நெக்ரோ', அதாவது கறுப்பன். நாம் வீட்டுப் பிள்ளையைக் 'கறுப்பா' என்று கூப்பிடுவதுபோல அங்கே அது பாசப்பெயர்.

சென்ட்ரலின் ஸ்டேடியம் நகரத்தின் வடக்கே அரோஷிட்டோ என்ற பகுதியில், பரானா ஆற்றை ஒட்டி இருக்கிறது. அவரை அடக்கம் செய்த இடம் அதற்கும் வடக்கே, கிரனடேரோ பைகோரியா என்ற ஊரில். ஆக ஸ்டேடியம் போகிற பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்ததால் நிறுத்தவில்லை. நம் ஊரில் தொழிற்சங்கக்காரர் ஒருவர் காலமானால் சங்கத்துக் கொடிக்கம்பத்தின் முன்னால் வண்டியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் போவார்கள், பார்த்திருப்பீர்கள். வாழ்நாளெல்லாம் அவர் கால் போன இடம், கடைசியாக ஒருமுறை அங்கே நிற்காமல் எப்படிப் போவது என்ற எண்ணம்தான் அது. அதுவேதான் அங்கேயும். நூற்றுக்கணக்கானவர்கள் அவருக்கு விடைகொடுக்க வந்தார்கள். எழுத்தாளர்கள், நடிகர்கள், அரசியல்வாதிகள் எல்லாரும் இருந்தார்கள்.

இன்னொன்று. அடக்கம் நடந்தது ஜூலை 20. அர்ஜென்டினாவில் அது நண்பர்கள் தினம். 1969ல் மனிதன் நிலவில் இறங்கிய நாளை வைத்து அப்படிக் கொண்டாடுகிறார்கள். காபிக்கடை மேசையைச் சுற்றியே ஆயுளைக் கழித்த ஒரு மனிதரை நண்பர்கள் தினத்தன்று மண்ணில் வைத்தார்கள். இதை எழுதும்போது எனக்கே தொண்டை கட்டுகிறது.

ஆட்டக்காரர் இறந்தால் ரசிகர்கள் அழுவது புரிகிறது. ஒரு ரசிகர் இறந்ததற்கு, அதுவும் எழுதிக்கொண்டிருந்தவருக்கு, இவ்வளவு பேர் ஏன் வருந்த வேண்டும்?
(வாசகி, மதுரை)

ஆட்டக்காரர் போய்விடுவார் என்பதுதான் காரணம். மாரியோ கெம்பஸ் சென்ட்ரலுக்குக் கோல் மேல் கோல் அடித்துக் கொடுத்தார், 1976ல் ஸ்பெயினில் வலென்சியாவுக்குப் போனார். ஆங்கெல் டி மரியா அந்த கிளப்பிலேயே வளர்ந்த பையன், 2007ல், அதாவது ஃபோன்டனரோசா இறந்த அதே வருடம், போர்ச்சுகலின் பென்ஃபிகா வாங்கிக்கொண்டு போனது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, ஆட்டம் அவர்களுக்குத் தொழில், கால் ஓடுகிற வயதில்தான் சம்பாதிக்க முடியும். பயிற்சியாளர் மாறுவார், தலைவர் மாறுவார், ஜெர்சியில் இருக்கும் விளம்பரம் வருடத்துக்கு ஒன்றாக மாறும். கேலரியில் நிற்கிறவன் மட்டும் மாறமாட்டான். அப்பா கூட்டிக்கொண்டு வந்த இடத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வருவான்.

ஆனால் அவனிடம் வார்த்தை இருக்காது. தொண்ணூறு நிமிடம் அவனுக்குள் என்ன நடந்தது என்று திங்கட்கிழமை வேலைக்குப் போன இடத்தில் கேட்டால், 'ஜெயிச்சுட்டோம்' என்பான், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவான். அதற்கு மேல் சொல்லத் தெரியாது, சொன்னாலும் கேட்கிறவர்களுக்குப் பைத்தியம்போலத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் நடுவில் நின்று, அவர்கள் கத்தியதையே கத்தி, அவர்கள் பயந்ததற்கே பயந்து, அப்புறம் வீட்டுக்குப் போய் அதை எழுதி வைக்க ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மேலே பத்திரிகையாளர் பகுதியில் உட்கார்ந்து குறிப்பெடுத்து எழுதுகிற எழுத்து வேறு, பக்கத்தில் தோளோடு தோள் இடித்து நின்றவன் எழுதுகிற எழுத்து வேறு. படிக்கிறபோதே தெரிந்துவிடும்.

அவர் போன மூன்றாவது வருடம், 2010ல், சென்ட்ரல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 2013 வரைக்கும் மேலே வர முடியவில்லை. அந்த மூன்று வருடத்தில் அந்த ரசிகர்கள் பட்டதை எழுத நெக்ரோ இல்லை. 2018ல் அர்ஜென்டினா கோப்பை வந்தது, 2023 டிசம்பரில் லீக் கோப்பையும் வந்தது, அப்போதும் இல்லை. அவர் இருந்திருந்தால் இதை எப்படி எழுதியிருப்பார் என்று ஒரு ரசிகனுக்குத் தோன்றுகிறதே, அதுதான் துக்கம்.

அவர் கிளப்பைப் பற்றி எழுதியதில் எது பெரிசு? கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.
(வாசகர், கோயம்புத்தூர்)

சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கும்.

கதையின் தலைப்பே ஒரு தேதி: 1971 டிசம்பர் 19. அந்த நாள் நிஜம். ரொசாரியோவில் இரண்டு பெரிய கிளப்கள், சென்ட்ரல் ஒன்று, நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் இன்னொன்று. ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட இரண்டு கட்சி இருக்கும். அந்த வருடம் தேசிய சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியில் இந்த இரண்டும் மோதின, அதுவும் சொந்த ஊரில் இல்லை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி பியூனஸ் அயர்ஸில், ரிவர் பிளேட் கிளப்பின் மைதானத்தில். தோற்றவன் ஊருக்குத் திரும்பி வந்து, ஜெயித்தவனின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். ஆயுள் முழுக்க. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மீதி புரியும்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் வலதுபக்கத்திலிருந்து பந்து உள்ளே வந்தது, சென்ட்ரலின் ஆல்டோ பெட்ரோ போய் என்ற ஆட்டக்காரர் தரைக்கு இணையாகப் பறந்து தலையால் முட்டினார், கோல். 1–0, அதோடு முடிந்தது. தரையோடு பறந்து முட்டுகிற அந்த ஹெட்டருக்கு அங்கே பாலோமிட்டா, குட்டிப்புறா, என்று பெயர். மூன்று நாள் கழித்து இறுதிப் போட்டியில் சான் லொரென்சோவை 2–1 என்று வென்று சென்ட்ரல் பட்டமும் வாங்கியது. தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே ஒரு கிளப் தேசிய சாம்பியன் ஆனது அதுதான் முதல் முறை. இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, ஆனால் சென்ட்ரல் ரசிகரிடம் போய் உங்கள் பெரிய நாள் எது என்று கேளுங்கள், 22 என்று சொல்லமாட்டார், 19 என்பார். வருடா வருடம் டிசம்பர் 19 அன்று ரசிகர்கள் கூடுகிறார்கள், ஒருவர் பந்தைத் தூக்கிப் போடுவார், ஆல்டோவே வந்து மறுபடியும் பறந்து முட்டுவார். தலை நரைத்த பிறகும் வந்து பறந்தார். அவர் ஆடிய காலம் முழுக்க ஆடியது சென்ட்ரலுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதுவரை நடந்தது. இனி ஃபோன்டனரோசா கற்பனை செய்தது.

மேட்சுக்கு முன்னால் ஒரு ரசிகர் கும்பலுக்குத் தூக்கம் வரவில்லை. பயம். ராசி பார்க்காமல் ஒரு காரியம் செய்வதில்லை. அதே சட்டை, அதே ஆள், அதே இடம். ராசி என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கிரிக்கெட் ஓடும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவரை 'நீ போனதும்தான் விக்கெட் விழுந்தது, வந்து உட்காரு' என்று திட்டாத வீடு இங்கே உண்டா? இவர்களுக்கு ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். கசாலே என்று பெயர். நியூவெல்ஸுக்கு எதிராக சென்ட்ரல் தோற்று அவர் பார்த்ததே இல்லை. அவர் இருந்தால் தோற்க முடியாது, கணக்கு அவ்வளவுதான். போய்க் கூப்பிடுகிறார்கள், அவர் வரமாட்டேன் என்கிறார். இதய நோய், மேட்ச் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கும்பல் யோசிக்கிறது. அப்புறம், வேறு வழியில்லை என்று, பெரியவரைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அங்கே போனதும் பெரியவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் கதை. கோபப்பட்டவர் மெல்ல மெல்ல இளகுகிறார். கூட்டம், கொடி, பாட்டு. எத்தனையோ நாளாகத் தள்ளியிருந்த இடத்துக்கு மறுபடி வந்துவிட்ட மனிதனின் முகம். சென்ட்ரல் ஜெயிக்கிறது. எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போது பெரியவர், சந்தோஷத்தின் உச்சியிலேயே, இறந்துபோகிறார்.

கதை முழுக்கச் சொல்கிறவன் அந்தக் கும்பலில் ஒருவன். ஏதோ பஞ்சாயத்தில் நிற்பதுபோல நம்மிடம் நியாயம் கேட்டுக்கொண்டே போகிறான். நாங்கள் கொன்றுவிட்டோம் என்கிறார்களே, அந்த முகத்தைப் பார்த்திருந்தால் சொல்வார்களா, எனக்கே அப்படியொரு சாவு கிடைத்தால் போதும் என்பதுபோல. நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, கல்யாண சாவு. பேரன் பேத்தி எடுத்தவர் நிறைவாகப் போனால் மேளம் வைத்து அனுப்புவோமே, அது. நான் முதல்முறை படித்தபோது கடைசிப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே இருந்தேன், முடித்துவிட்டு எழுந்தபோது கண் நனைந்திருந்தது, எந்த வரியில் அது மாறியது என்று திரும்பிப் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

ஸ்டேடியம் வாசலில் ஊர்வலம் நின்றபோது அங்கே இருந்தவர்களில் பலருக்கு அந்தக் கதை மனப்பாடமாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கசாலே என்று ஒருவர் அந்த மேட்சில் இல்லை. ஆனால் அந்த நாளை நினைக்கும்போது ஆல்டோவின் பாலோமிட்டாவோடு அந்தப் பெரியவரும் சேர்ந்து வருகிறார். ஒரு எழுத்தாளர் தன் கிளப்புக்குச் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

ஒரு சின்னச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். 1995ல் தென் அமெரிக்க கிளப்கள் மோதும் கான்மெபோல் கோப்பை இறுதிப் போட்டியில், பிரேசிலில் போய் 4–0 என்று தோற்றுவிட்டு வந்த சென்ட்ரல், தன் ஊரில் அதே 4–0 திருப்பிக் கொடுத்து, பெனால்டியில் கோப்பையை வாங்கியது. நடந்த தேதி டிசம்பர் 19.

சென்ட்ரல் ரசிகர்களை அயோக்கியர்கள் என்றும் எதிர்க்கட்சியைத் தொழுநோயாளிகள் என்றும் அழைப்பதாகப் படித்தேன். இது என்ன அநாகரிகம்?
(வாசகி, தஞ்சாவூர்)

உண்மைதான். சென்ட்ரல்காரர்கள் 'கனாஷா', அயோக்கியன். நியூவெல்ஸ்காரர்கள் 'லெப்ரோசோ', தொழுநோயாளி. ஊரில் சொல்லிக்கொள்ளும் கதை இது: முன்னொரு காலத்தில் தொழுநோயாளிகளுக்கு உதவி திரட்ட ஒரு மேட்ச் ஆடக் கேட்டார்கள், நியூவெல்ஸ் சரி என்றது, சென்ட்ரல் மறுத்தது. ஆடியவர்களுக்கு ஒரு பட்டம், மறுத்தவர்களுக்கு ஒரு பட்டம். இரண்டுமே வசவாக ஆரம்பித்தவை, இரண்டையும் அந்தந்த ரசிகர்கள் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள், கொடியில் எழுதிப் பிடிக்கிறார்கள். நோயின் பெயரை வசவாக்குவது எனக்கும் உறுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும்போது நோயாளியை நினைத்துச் சொல்வதில்லை, தாத்தா கொடுத்த பெயரைச் சொல்கிறார்கள். கிளப்பின் வயதும் அப்படி. சென்ட்ரல் 1889 டிசம்பர் 24 அன்று ரயில்வேயில் வேலை பார்த்த பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கியது. பெயரில் இருக்கும் 'சென்ட்ரல்' அந்த ரயில் கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது.

அப்போ மெஸ்ஸி எந்தக் கட்சி?
(பத்தாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்)

நியூவெல்ஸ், தம்பி. சின்ன வயதில் அங்கேதான் ஆடினார். டி மரியா சென்ட்ரல், 2025ல் திரும்பி வந்து அதே கிளப்புக்கு ஆடத் தொடங்கினார். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவுக்குக் கோல் அடித்த இரண்டு பேரும் ஒரே ஊர், எதிரெதிர்க் கட்சி. சே குவேராவும் அந்த ஊரில்தான் பிறந்தார், அவரை சென்ட்ரல்காரர்கள் தங்கள் ஆள் என்கிறார்கள்.

மேட்ச் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் காது கூசுகிற மாதிரி கெட்ட வார்த்தை. ஃபுட்பால் எழுத்தாளர் என்றால் அவரும் இப்படித்தான் எழுதுவாரோ?
(வாசகி, சேலம்)

எழுதினார். எழுதியது மட்டுமில்லை, 2004ல் ஸ்பானிய மொழிக்கான உலக மாநாடு ரொசாரியோவிலேயே நடந்தது, பெரிய பெரிய மொழி அறிஞர்கள் உட்கார்ந்திருந்த மேடை, அங்கே இவர் எடுத்துக்கொண்ட தலைப்பு கெட்ட வார்த்தைகள். ஏன் அவற்றைக் கெட்டவை என்கிறோம், மற்ற வார்த்தைகளைப் போட்டு அடிக்கின்றனவா என்று கேட்டார். அவற்றுக்குப் பொதுமன்னிப்பு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சபை சிரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சில வார்த்தைகளின் பலம் அவற்றின் ஓசையிலேயே இருக்கிறது, அதற்கு ஈடாக வேறொன்றை வைக்க முடியாது என்று, கேலரியில் நின்று கேட்டுப் பழகிய காதோடு சொன்னார்.

உங்கள் பிள்ளைகள் விஷயத்தில் நீங்கள் நினைப்பது சரி, பக்கத்தில் குழந்தை நிற்கிறது என்று தெரிந்தும் கத்துகிறவரை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் எழுத்தில் அந்தப் பேச்சைத் துடைத்துவிட்டால் கேலரி கேலரியாக இருக்காது.

அந்த மாநாட்டு மேடையில் அவர் உட்கார்ந்திருந்தபோது நோய் ஏற்கெனவே வந்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2003ல் கண்டுபிடித்தார்கள். ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த அதே வகை நோய், தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணையும், மூளை தெளிவாகவே இருக்கும். படம் போடுகிறவனுக்குக் கை போவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2007 ஜனவரியில், வலது கை இனி என் பேச்சைக் கேட்காது, படம் வரைவதை நிறுத்துகிறேன் என்று அறிவித்தார். இனொடோரோ பெரெய்ரா என்ற கிராமத்துக் குதிரைவீரனும் அவனுடைய பேசும் நாய் மெண்டியெட்டாவும் அவர் பல வருடங்களாக வரைந்து வளர்த்த பாத்திரங்கள், நாடு முழுக்கத் தெரிந்தவர்கள். அதற்குப் பிறகு வேறு கைகள் வரைந்தன, கதையும் பேச்சும் இவருடையது. ஆறு மாதத்தில் போய்விட்டார்.

பெரிய விருது எதற்கும் ஆசைப்பட்டவரில்லை. யாராவது தெருவில் நிறுத்தி, உங்கள் புத்தகத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன் என்று சொன்னால் அதுவே எனக்குப் போதுமான கூலி என்று சொல்லியிருக்கிறார். (அவர் சொன்னபோது அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது, நான் உங்களுக்காக மாற்றிவிட்டேன்.)

இவரைப்போல வேறு யாராவது உண்டா?
(வாசகர், ஈரோடு)

அந்தப் பக்கத்திலேயே இரண்டு பேர். ஒஸ்வால்டோ சொரியானோ, நாவலாசிரியர், சான் லொரென்சோ ரசிகர், 1997 ஜனவரியில் இறந்தார். அவருடைய கிளப் 1979ல் தன் பழைய மைதானத்தை இழந்தது, பிறகு அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட் கட்டினார்கள். சாமான் வாங்கப் போகிற ஆட்கள் கோல்போஸ்ட் இருந்த இடத்தில் வண்டி தள்ளிக்கொண்டு போவதை அந்த ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இன்னொருவர் உருகுவேயின் எடுவர்டோ கலியானோ, நசியோனல் கிளப்பின் ரசிகர், 2015 ஏப்ரலில் காலமானார். உலகக் கோப்பை வந்தால் வீட்டுக் கதவில் 'ஃபுட்பால் காரணமாக அடைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி மாட்டிவிடுவார்.

இருவரையும் உலகம் படிக்கிறது. ஆனால் ஊர்க்காரர்களின் துக்கம் என்று பார்த்தால் எனக்கு ஃபோன்டனரோசாதான் முன்னால் நிற்கிறார். ஒரே ஊர், ஒரே கிளப், ஒரே காபிக்கடை என்று இருந்தவர். ரொசாரியோவில் இன்று ஒரு பெரிய கலாச்சார மையத்துக்கு அவர் பெயர்தான்.

எங்கள் ஏரியா டீம் ஆடிய மேட்சுகளை முப்பது வருடமாக லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்த அண்ணன் ஒருவர் போன மாதம் இறந்துவிட்டார். டீமில் ஆடியவர் இல்லை, லைனில் நின்று பார்த்தவர். ஸ்கோர், கோல் போட்டவர் பெயர், மழை பெய்ததா, ரெஃப்ரி எப்படி, எல்லாம் எழுதியிருக்கிறார். பதினோரு நோட்டு. அவர் வீட்டில் இடம் இல்லை, எடைக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அவருக்கு நாங்கள் என்ன செய்யலாம்?
(வாசகர், வடசென்னை)

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். நோட்டைக் கேட்டுப் போகாதீர்கள், அண்ணியைப் பார்க்கப் போங்கள். இரண்டு மூன்று பேராகப் போய் அவர் மைதானத்தில் எப்படி நிற்பார், என்ன கத்துவார், யாரைத் திட்டுவார் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டை விட்டுப் போன மனிதர் எங்கே போனார், அங்கே அவருக்கு என்ன மரியாதை இருந்தது என்பது வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. அது தெரிந்தால் அந்த நோட்டு எடைக்குப் போகாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் அதுவரை காத்திருங்கள்.

அப்புறம் கேளுங்கள், இரவல் வாங்குவதாகக் கேளுங்கள், அவருடைய பிள்ளைகளுக்குத் திரும்பி வர வேண்டிய பொருள் அது. பழைய நோட்டில் பால்பாயிண்ட் மை மங்கிக்கொண்டிருக்கும், முதலில் செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள், நிழல் விழாமல் மொட்டை மாடியில் காலை வெயிலில் வைத்து எடுத்தால் நன்றாக வரும். மூன்று நான்கு பேரிடம் பிரதி இருக்கட்டும். பிறகு உட்கார்ந்து டைப் செய்யுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். ரெஃப்ரியைத் திட்டியிருந்தால் திட்டு அப்படியே இருக்கட்டும், வெளியே கொடுக்கும் பிரதியில் மட்டும் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். ஸ்கோர் தப்பாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள், அவர் எழுதியதன் மேல் எழுதாதீர்கள்.

டீமில் ஆடி இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள் இருப்பார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர், துறைமுகத்தில் இருக்கிறவர், வெளிநாட்டில் இருக்கிறவர். அவரவர் கோல் போட்ட பக்கத்தை அவரவருக்கு அனுப்புங்கள். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில், எழுபதாவது நிமிடத்தில் தான் போட்ட கோலை ஒரு மனிதர் எழுதி வைத்திருந்தார் என்று தெரியும்போது அந்த ஆள் என்ன ஆவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மேட்சில் ஒரு நிமிட மௌனம் வைப்பீர்கள், வையுங்கள். முடிந்தால் அதற்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ, அவருடைய நோட்டிலிருந்து ஒரு மேட்சை யாராவது சத்தமாகப் படிக்கட்டும். குரல் நன்றாக இருக்கிற பையனிடம் கொடுங்கள். அவர் நிற்கிற இடத்திலிருந்து, அந்த லைன் ஓரத்திலிருந்து படிக்கட்டும்.

பன்னிரண்டாவது நோட்டு ஒன்று வாங்குங்கள். அந்த மேட்சை அதில் யார் எழுதுவது என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், மழை பெய்ததா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள், அண்ணி சம்மதித்தால் அண்ணனின் ஒரு பக்கத்தையும்.